நர்சம்மா பதில்கள்: அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

போன இதழில் அம்மாக்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். வீட்டில் யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யாருக்குக் காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று மனப்பாடமாகச் சொல்கிறீர்களே, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று. வந்த கடிதங்களில் சிலவற்றையும், ஒவ்வொன்றின் கீழே என் பதிலையும் இங்கே தருகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து வருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

குழந்தைக்கு நான்கு மாதம். அம்மா வீட்டிலிருந்து பெருங்களத்தூர் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருகிறார். போட்ட காபியைக் குடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. ‘குழந்தையோடு இருக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களை ரசி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நான் நல்ல தாய் இல்லையா, நர்சம்மா?
வாசகி, சென்னை

நல்ல தாய்தான் மகளே. அந்தச் சந்தேகத்தை முதலில் விடு.

ரசிக்கச் சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தை உனக்குச் சந்தோஷம் மட்டுமில்லை, ராத்திரி பகல் பாராத வேலையும்கூட. அந்த வேலைக்குள்ளேயே ஓய்வையும் தேடிக்கொள் என்றால் எங்கே போய்த் தேடுவாய்?

அம்மா வீட்டில் இருந்த நாட்களை நினைத்துப் பார். வெந்நீர் காய்ச்சி, உன்னை மணையில் உட்கார வைத்து யாரோ முதுகில் ஊற்றியிருப்பார்கள். தலை துவட்டிவிட்டிருப்பார்கள். பூண்டுக் குழம்பும் சுடுசோறும் தட்டில் வந்திருக்கும். லேகியத்தை உருட்டிக் கையில் கொடுத்திருப்பார்கள். பெரியவர்கள் இதையெல்லாம் உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் செய்வார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்த வரையில், உடம்பைவிட மனசுக்குத்தான் அது அதிகம் உதவியது. பிள்ளையைப் பார்க்க வருகிற கூட்டத்தில், பெற்றவளைப் பார்க்கவும் ஒரு ஆள் இருந்தது. ஃபிளாட்டுக்கு வந்ததும் உனக்கு அந்த ஆள் இல்லாமல் போய்விட்டது. உன் மனசு சோர்ந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

சரி, காபியிலிருந்து ஆரம்பிப்போம். கணவர் எட்டு மணிக்குக் கிளம்புகிறார் அல்லவா? ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்து அவர் தோளில் போட்டுவிடு. ஏப்பம் வர வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவர் பாடு. இரவே ஃபில்டரில் தூள் போட்டு இறக்கி வைத்த டிகாக்‌ஷன் இருக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சி, உனக்குப் பிடித்த மாதிரி கலந்துகொண்டு போய் பால்கனியில் உட்கார். நின்றுகொண்டு குடிக்காதே. கைபேசி உள்ளேயே கிடக்கட்டும். டம்ளர் காலியாகும்வரை பிள்ளை அழுதாலும் அவர்தான் பார்க்க வேண்டும், இதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடு. பால் கொடுக்கிறவள் காபி குடிக்கலாமா என்று யாராவது கேட்டால், ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளர் பொதுவாகப் பரவாயில்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்புறம் குளியல். காலை அவசரத்தில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருவதைச் சொல்லவில்லை. இரவு அவர் வந்த பிறகு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெந்நீரில் சாவகாசமாக ஒரு குளியல். வெளியே கேட்கும் அழுகைக்கெல்லாம் ‘என்னங்க’ என்று குரல் கொடுக்க வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் பழகிக்கொள்வார்கள்.

மூன்றாவது, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போ. காய்ந்த துணி எடுக்க யாராவது பெண்கள் வருவார்கள். ‘எத்தனை மாசம்? குப்புற விழுந்துட்டானா?’ என்று கேட்பார்கள். பத்து நிமிஷப் பேச்சுதான். காலையிலிருந்து பேசத் தெரியாத பிள்ளையோடு மட்டும் இருக்கிற பெண்ணுக்கு, பதில் பேசுகிற ஒரு மனுஷியின் குரல் மருந்து மாதிரி. அங்கே நல்ல காற்று வரும், ரயில் சத்தமும் கேட்கும். உலகம் நடந்துகொண்டிருப்பது காதில் விழட்டும்.

உன் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. பாட்டா, தையலா, வாரப் பத்திரிகைத் தொடர்கதையா? எதுவாக இருந்தாலும் ஒரு சின்ன அளவில் திரும்ப ஆரம்பி. நாலு பக்கம் படித்தாலும் போதும்.

இனி நர்சாகப் பேசுகிறேன், கவனமாகக் கேள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது மாதங்கள் கழித்துப் புதிதாக ஆரம்பித்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிரசவமான பெண்களில் 19.8 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மனநலப் பாதிப்பு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீ ஒருத்தி மட்டும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ‘எடின்பரோ அளவுகோல்’ என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-ல் வந்தது, பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். முதல் கேள்வியே சிரிக்க முடிந்ததா என்பதுதான். இரண்டாவது, நடக்கப்போகிற விஷயங்களை ஆசையாக எதிர்பார்க்க முடிந்ததா என்பது. ஒரு தாயின் நலத்தைக் கேட்கும்போது மருத்துவமே சந்தோஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டையும் உன்னையே கேட்டுப் பார். எனக்குக் கடிதம் போட்ட வேறு சிலரும் எழுதிய அதே வார்த்தையை நீயும் எழுதியிருக்கிறாய், ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்று. நான் சொன்ன காபி, குளியல், மாடி எல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் அப்படியே இருந்தால் மருத்துவரைப் பார். தைராய்டும் ரத்த அளவும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும் இதே சோர்வு வரும். உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே கணவரிடமோ அம்மாவிடமோ சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மனைவிக்கு எட்டாயிரம் ரூபாயில் பட்டுச்சேலை வாங்கிக் கொடுத்தேன். ‘எதுக்கு இவ்வளவு செலவு’ என்று பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். எப்போதும் முகம் வாடியே இருக்கிறது. என்ன செய்தால் சந்தோஷப்படுவார்?
வாசகர், கரூர்

தம்பி, கேட்கத் தோன்றியதே நல்ல விஷயம். பட்டுச்சேலை கட்ட ஒரு கல்யாணம் வர வேண்டும். தினமும் வருவது சாயங்காலம்தான். அந்த நேரத்தில் பிள்ளைகளை நீங்கள் பூங்காவுக்கோ பாட்டி வீட்டுக்கோ கூட்டிப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். போகும்போது ‘சமைச்சு வெச்சிடு’ என்று சொல்லாமல் போங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார் என்று திரும்பி வந்து கேட்கவும் வேண்டாம். சும்மா படுத்திருந்தாலும் அது அவர் விருப்பம். ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பனியன் கம்பெனியில் டெய்லர். பாதி நாள் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அன்றைக்குத் துணி துவைத்து, வீடு கழுவி, கறி எடுத்துச் சமைத்து, மாவு ஆட்டி வைப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. மதியம் கொஞ்சம் படுத்தால் மாமியார் முகம் மாறுகிறது. சந்தோஷத்துக்கு நேரம் எங்கேம்மா இருக்கிறது?
வாசகி, திருப்பூர்

நேரம் இல்லை என்று நீ சொல்வது உண்மை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! நீ வெளியிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறாய். ஆகவே உனக்கு ‘பூ வை, பாட்டுக் கேள்’ என்று முதலில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதலில் உன் ஞாயிற்றுக்கிழமையைப் பங்கு போட வேண்டும்.

கறி எடுத்து வருவதும் வீடு கழுவுவதும் உன் வீட்டுக்காரர் செய்யலாம். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் அவரவர் யூனிஃபார்மை அவரவர் துவைக்கலாம். மாவை ஒரு வாரம் கடையில் பாக்கெட்டாக வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ‘அத்தை, வாரமெல்லாம் கழுத்து வலி. ரெண்டு மணி நேரம் படுத்தாத்தான் திங்கக்கிழமை மிஷின்ல உக்கார முடியும்’ என்று காரணத்தைச் சொல்லிவிட்டுப் படு. உனக்கு இப்போதைக்குப் பெரிய சந்தோஷம் அந்தத் தூக்கம்தான். அதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

தூங்கி எழுந்த பிறகு ஒரு விஷயம் செய். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் டவுன் பஸ் ஏறி எங்கேயாவது போய்விட்டு வா. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வேலைக்குப் போக மட்டும்தான் அது என்று யார் சொன்னார்கள்? உங்கள் பக்கத்தில் அவிநாசி கோயில் இருக்கிறது. ஜன்னலோரமாக உட்கார்ந்து போ. சாமி கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் கால் நீட்டி உட்கார். கூட வேலை பார்க்கிற தோழி ஒருத்தியைக் கூட்டிப் போ. லைனில் சூப்பர்வைசர் கண்ணுக்குப் பயந்து பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீருங்கள். பஸ்ஸில் கட்டணமில்லாமல் போக முடிந்த பிறகு, காரணமே இல்லாமல் அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிற பெண்களை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நான் பார்க்கிறேன். அவர்கள் முகம் வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பத்து இருபது ரூபாய்க்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருந்ததுதான் அதுவரை அவர்களைத் தடுத்திருக்கிறது.

இன்னொன்று. எப்போதும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் கம்பெனிகளில் நிறைய. சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. ரத்தம் குறைந்த உடம்பில் எந்தச் சந்தோஷமும் ஒட்டாது.

அப்பா இறந்த பிறகு அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு அழைத்து வந்துவிட்டோம். வயது 64. தனி அறை, டிவி, சமையலுக்கு ஆள், எல்லாம் இருக்கிறது. ‘எனக்கென்னப்பா குறை’ என்கிறார். ஆனால் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
வாசகர், பெங்களூரு

வாங்கிக் கொடுத்தது போதும் தம்பி. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுங்கள்.

ஊரில் அம்மாவின் காலை எப்படி இருந்திருக்கும்? விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம். பால்காரரோடு இரண்டு வார்த்தை. கீரைக்காரம்மாவிடம் பேரம். மதியம் உதிரிப்பூ வாங்கி, நாரை நனைத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே கட்டியிருப்பார். நினைத்தால் நெல்லையப்பர் கோயில். இதில் ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஒவ்வொன்றிலும் அவர் கைக்கு வேலை இருந்தது, வாய்க்குப் பேச்சு இருந்தது, முடிவெடுக்க ஏதோ ஒன்று இருந்தது. உங்கள் வீட்டில் அவருக்கு எல்லாம் நடக்கிறது, அவரால் நடப்பது ஒன்றுமில்லை.

முதலில் கையில் பணம் கொடுங்கள். மாதம் ஒரு தொகை, கணக்குக் கேட்காமல். கணவர் போன பிறகு பிள்ளையிடம் பத்து ரூபாய் கேட்பது எத்தனை கஷ்டம் என்று நிறையத் தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அடுத்தது, வாரத்தில் ஒரு நாள் காய்கறி, பூ வாங்கும் பொறுப்பு அவருடையது. மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அல்சூர்ப் பக்கம் போனால் தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் கிடைப்பார்கள், சோமேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. கன்னடம் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். ‘எஷ்டு’ என்று கேட்கவும் ‘ஜாஸ்தி’ என்று சொல்லவும் இரண்டு நாளில் பழகிவிடுவார். பூச்சரமாக வாங்க வேண்டாம், உதிரியாக வாங்கி வாருங்கள். கட்டித் தந்தால் உங்கள் மனைவி, மாடியில் குடியிருப்பவர், பாதுகாவலரின் மனைவி என்று கொடுத்துவிடலாம். பூ கொடுக்கப் போகிற சாக்கில் பழக்கம் வந்துவிடும். கணவரை இழந்தவர் பூவைத் தொடலாமா என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால், அந்தப் பேச்சை நீங்கள் அங்கேயே நிறுத்த வேண்டும். அது மகன் செய்ய வேண்டிய வேலை.

சமையலுக்கு ஆள் இருக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொதி அம்மா வைக்கட்டும். நீங்கள் தேங்காய் துருவி, பால் பிழிந்து கொடுங்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும் என்று அவர் உங்களை அதட்டுவார். அதட்டட்டும்.

ஒரு எச்சரிக்கை. பெரியவர்களின் சோகம் பல சமயம் ‘பசிக்கல’, ‘தூக்கம் வரல’, ‘காலெல்லாம் வலி’ என்றுதான் வெளியே வரும். எடை குறைந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் ஆசையில்லாமல் வாரக்கணக்கில் இருந்தாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். முதியவர்களின் மனச்சோர்வும் சிகிச்சையில் சரியாகக்கூடியதுதான்.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். வயது ஒன்பது. எல்லாமே நான்தான் தூக்கிச் செய்ய வேண்டும். போன வாரம் தங்கை வீட்டு விசேஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே ‘இப்படிப் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரிக்கிறோமே’ என்று நெஞ்சு அடைத்தது.
வாசகி, நாகர்கோவில்

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் மகளே. உன் மகன் உன் முகத்தைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறான். அதில் சிரிப்பு வந்தால் அது அவனுக்கும் சேர்த்து வருவதுதான். அவனுடைய வலிக்கு உன் சிரிப்பு துரோகம் ஆகாது.

அவன் வளர்கிறான், உனக்கு வயது ஏறுகிறது. இன்னும் பல வருஷம் தூக்கப்போகிற கை அது. ஆகவே உன் முதுகுக்கும் மனசுக்கும் ஓய்வு தேவை என்பதை அவன் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள். தெரபிக்கு அழைத்துப் போகிற இடத்தில் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களோடு பேசு. உன் ஒரு நாளை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்கிறவர்கள் அவர்கள்தான். தங்கையோ கணவரோ, அவனுக்குச் சாப்பாடு ஊட்டவும் தூக்கவும் இன்னொருவர் கற்றுக்கொள்ளட்டும். பக்கத்தில் நின்று நீயே சொல்லிக் கொடு. அவர் பழகிய பிறகு வாரத்தில் ஒரு மாலை நீ சங்குத்துறைக் கடற்கரைக்கோ தோழி வீட்டுக்கோ போய் வரலாம். விசேஷத்தில் யார் சொன்னதற்கு அப்படிச் சிரித்தாய் என்று நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, எனக்கும் சொல்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவுக்குப் பிறந்தநாள். உண்டியலில் 200 ரூபாய் இருக்கிறது. அப்பா வெளியூரில் வேலை. அம்மா சந்தோஷப்படுகிற மாதிரி என்ன செய்யலாம் பாட்டி?
வாசகி, மதுரை

கண்ணு, 200 ரூபாய் தாராளம். மதுரையில் இருக்கிறாய், வேறென்ன வேண்டும்?

அன்றைக்குக் காலையில் அம்மா எழுவதற்கு முன்னால் நீ எழுந்து டீ போட்டுவிடு. இஞ்சி போட்டால் பிடிக்குமா, ஏலக்காயா என்று இப்போதே நைசாக விசாரித்து வை. சாயங்காலம் மல்லி வாங்கு. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர் மல்லி. முகூர்த்த நாளாக இருந்தால் விலை எகிறிவிடும், அதனால் முதல் நாளே காலண்டரைப் பார். முகூர்த்தமென்றால் ஒரு முழம், இல்லையென்றால் இரண்டு. அதை நீயே அம்மா தலையில் வைத்துவிடு.

அப்புறம் இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போங்கள். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம் அது. தண்ணீர் நிறைந்திருந்தால் காற்று ஜில்லென்று வரும். கரையில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள், திரும்பும்போது ஆளுக்கொரு ஜிகர்தண்டா. அம்மா உன் வயதில் எப்படி இருந்தார், எந்தப் பாடம் பிடிக்கும், யாரோடு சண்டை போட்டார் என்று கேள். நீ குறுக்கே பேசாமல் கேட்டால் நிறையச் சொல்வார். அப்பாவை எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடச் சொல்லிவிடு, மறந்துவிடப் போகிறார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு இட்லி கடையில் வாங்கிவிடு. பாத்திரமும் நீயே கழுவு. பரீட்சைக்குப் படிக்கணுமே என்று அம்மா தடுப்பார். கால் மணி நேர வேலைதான், கழுவிவிட்டுப் போய்ப் படி.